நடக்காத ஆட்டத்தின் பந்து

அநியாயம் நடந்தது புதுக்காட்டுத்துறை ரெஜினாளுக்கு. செய்தவர்கள் நாட்டின் கால்பந்துச் சம்மேளனத்தார். செய்த விதம் இப்படி: தங்கள் பவள விழாவுக்கு, கையில் எடுத்தால் மணிக்கட்டு நோகிற கனத்தில், வழவழத்த தாளில், ‘தேசியக் கால்பந்து அணி: வரலாறும் சாதனைகளும்’ என்று ஒரு புத்தகம் போட்டார்கள். ஆண்கள் அணி வெறுங்காலோடு ஆடிய காலம் தொடங்கி, அவர்கள் எந்த ஊரில் எந்த மன்னரோடு கை குலுக்கினார்கள், எந்தக் கப்பலில் யாருக்கு வாந்தி வந்தது என்பது வரை அதில் இருந்தது. பழைய தலைவர் ஒருவரின் மருமகன் நாணயம் சுண்டுகிற படத்துக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. பெண்கள் என்று வந்த இடத்தில், அணி தொண்ணூற்றிரண்டில் தோன்றியது என்றும், அதற்கு முன் ‘ஆர்வமுள்ள சில மகளிர் ஆங்காங்கே காட்சி ஆட்டங்கள் ஆடியதாகத் தெரிகிறது’ என்றும் ஒன்றரை வரி இருந்தது. தெரிகிறதாம்.

நடந்தது என்னவென்றால், எண்பத்து நாலாம் வருஷம், கடலுக்குக் கிழக்கே ஒரு துறைமுக நகரத்தில், கீழைக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், விடாத மழையில், நம் நாட்டுப் பெண்கள் ஒரு கோல் முன்னால் நின்று, இனி விசில்தான் என்று இருந்த நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அவர்களுடைய ஒன்பதாம் எண்காரி, பனை மாதிரி உயரமானவள், ஓடி வந்து உதைத்தாள். கோலில் நின்ற ரெஜினாள், பத்தொன்பது வயதுக்காரி, முதுகில் அவளுடைய அம்மா வலைநூலால் தைத்துக் கொடுத்த ஒன்றாம் எண்ணோடு, வலது பக்கம் பாய்ந்து அந்தப் பந்தைப் பிடித்தாள். தட்டி விடவில்லை, பிடித்தாள். தட்டி விட்ட பந்து மறுபடி யார் காலுக்கு வேண்டுமானாலும் போகும், பிடித்த பந்து பிடித்தவளோடது, புதுக்காட்டுத்துறையில் மீனுக்கும் அதுதான் சட்டம். அந்தப் பிடியில் அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்தது, பிறகு நிமிரவே இல்லை. கோப்பையை வென்ற பெண்கள் ரயிலில் கக்கூஸ் பக்கத்துத் தரையில் பேப்பர் விரித்துப் படுத்து ஊர் வந்து சேர்ந்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு ரெஜினாள் மனுப் போட்டபோது, நீ ஆடியது அங்கீகாரம் இல்லாத அணி என்றார்கள். அங்கீகாரம் கொடுக்க வேண்டியவர்கள் யார்? அதே சம்மேளனம். கொடுக்காதவர்களே கொடுக்கவில்லை என்பதைக் காரணமாகக் காட்டுகிற நியாயத்தை எந்தக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள் என்று தெரியவில்லை. ரெஜினாள் சத்துணவுக் கூடத்தில் ஆயாவானாள், வளைந்த விரலோடு முப்பது வருஷம் சாம்பார் கிண்டினாள், லாசரைக் கட்டினாள், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள், யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பிடி போதுமாக இருந்தது.

புத்தகத்தின் ஒரு பிரதி புதுக்காட்டுத்துறை அந்தோணியார் கால்பந்துக் கழகத்துக்கும் வந்தது. ஊர் ஆனந்தப்பட்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல், ஞாயிறு பூசைக்குப் பிறகு மைதானத்தில் மைக் கட்டி, ரெஜினாளைக் கிறிஸ்மஸ் சேலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவளுடைய பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பங்குத்தந்தை தொமினிக் கையில் கொடுத்தது. தந்தை புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார், கண்ணாடியைத் துடைத்தார். வாசிக்காமல் மூடியிருக்கலாம், ஆனால் மைக்கில் பொய் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. அந்த ஒன்றரை வரியை வாசித்தார். ஒலிபெருக்கி அதைக் கடல் வரைக்கும் கொண்டுபோனது.

“வேற பக்கம் பாருங்க சாமி, ஒட்டிக்கிட்டிருக்கும்” என்றாள் அடுத்த வீட்டு மீன்காரி சூசம்மா.

ஒட்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் ரெஜினாள் முகம் கழுவும்போது சுண்டுவிரல் நேராக இருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, மற்ற ஒன்பது விரல்களைப் போல அதுவும் ஒரு விரலாக இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சூசம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “ரெஜினாக்கா, ஒனக்க பந்து வந்திருக்கு” என்று, தபால் வந்திருக்கிறது என்பது போலச் சொன்னாள்.

கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் மைதானத்தில், கோயில் பக்கத்துக் கோலுக்கு முன்னால், பெனால்டிப் புள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளி, முழங்கால் உயரத்தில், ஒரு பந்து அந்தரத்தில் நின்றது. பழைய காலத்துத் தோல் பந்து, மேலெல்லாம் மழை ஈரம், புதுக்காட்டுத்துறையில் மழை பெய்து மாசக்கணக்காகியிருந்தது. நிற்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். மத்தியானம் வாக்கில்தான், அதற்கு நேர் கீழே மணலில் சூசம்மா வைத்த சிப்பி பின்தங்கியிருந்ததைப் பார்த்து, அது போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. கோலைப் பார்த்துப் போனது. பிடிப்பவளுக்கு வலது பக்க மூலையைப் பார்த்துப் போனது.

அன்றைக்கு டீக்கடையில் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, கேட்டவர்களும் வாதத்துக்காகவே கேட்டார்கள்.

“நடக்காத ஆட்டத்துல பந்து எப்பிடிலே வரும்?”

“நடந்த ஆட்டமே இல்லாமப் போவும்போ, நடக்காத பந்து வரப்பிடாதா?”

“ஆட்டம் இல்லன்னா பிடியும் இல்லதானே. பிடி இல்லன்னா பந்து எங்க போவும்? கோலுக்குத்தான் போவும்.”

இப்படிச் சொன்னவன் கடைசி மிடறை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான், ஏனென்றால் சொன்ன பிறகுதான் அது எல்லோருக்கும் புரிந்தது. நாற்பது வருஷம் ரெஜினாளிடம் இருந்ததை அவளிடமிருந்து திரும்பப் பிடுங்க, அந்தப் பந்து மெதுவாக, ஒரு அலுவலக ஆணையைப் போல அவசரமே இல்லாமல், வந்துகொண்டிருந்தது.

ஊர் அதற்கு இடம் கொடுத்துப் பழகியது. மீன் ஏலம் மைதானத்தின் அடுத்த ஓரத்துக்கு மாறியது, கருவாடு காயப்போடுகிற பெண்கள் அதன் வழியை விட்டுப் பாய் விரித்தார்கள். காக்கை ஒன்று அதன் மேல் உட்காரப் போய்ப் பந்துக்குள்ளாகவே விழுந்து எழுந்து வெட்கப்பட்டுப் பறந்தது. ஊர்ப் பாதுகாவலர் அந்தோணியாரின் திருவிழாக் கோப்பை ஆட்டங்களைத் தள்ளிவைக்க முடியாது என்பதால், அந்தரத்துப் பந்து ஆட்டத்தில் சேர்த்தி இல்லை என்று பங்குப் பேரவை ஒரு விதி போட்டது. பையன்கள் அதற்கு வணக்கம் போட்டுவிட்டு அதைச் சுற்றி ஆடினார்கள். வெளியூரிலிருந்து மெழுகுவர்த்தியோடு வந்தவர்களைத் தந்தை தொமினிக் திருப்பி அனுப்பினார். “புதுமையும் இல்ல, அற்புதமும் இல்லய்யா இது. ஆண்டவர் அனுப்பினதா இருந்தா கம்பத்துக்கு வெளியல்லா போயிருக்கும்?” தொலைக்காட்சிக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் படத்தில் பந்து அசையவில்லை, அசையாத பந்து நூலில் தொங்குகிற பந்துதான் என்று பார்த்தவர்கள் எல்லாம் எழுதினார்கள், நூல் தெரிகிறது என்றுகூடச் சிலர் வட்டம் போட்டுக் காட்டினார்கள்.

மற்றவர்கள் கை வைத்தால் பந்து புகைமாதிரி விரலுக்குள் புகுந்து வந்தது. ரெஜினாள் கை வைத்தபோது மட்டும் கனத்தது, குளிர்ந்தது, அன்றைய மழை உள்ளங்கையில் ஒட்டியது. அவள் சேலையைச் சொருகிக்கொண்டு, வலது மூலைக்கு முன்னால் மணலில் குத்துக்காலிட்டு, நெஞ்சோடு அதை அணைத்துப் பிடித்தாள். பந்து நிற்கவில்லை. அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு உதை, அதற்கு மேல் நாற்பது வருஷத்து ‘தெரிகிறது’, எல்லாம் சேர்ந்து தள்ளினால் அறுபதைத் தொட்ட முழங்கால் என்ன செய்யும்? அவள் பாதங்கள் மணலில் இரண்டு கோடுகள் உழுதன. ஆனால் அவள் பிடித்திருக்கும்போது பந்தின் வேகம் பாதிக்குப் பாதி குறைந்தது. அதனால் கஞ்சி குடிக்கிற நேரமும் கண் அயர்கிற நேரமும் தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேயே கிடந்தாள்.

லாசர் குடை பிடித்து நின்றார். கடலுக்குப் போவதை விட்டபிறகு லாசருக்கு ஊரில் ஒரே உத்தியோகம், திருவிழாக் கோப்பைக்கு நடுவர். சொந்த மச்சானுக்கே சிவப்பு அட்டை காட்டியவர், அதனால் பத்து வருஷமாக மச்சான் வீட்டுச் சாப்பாடு இல்லாதவர்.

“ஏட்டி, கம்பத்தப் பிடுங்கிருவோமா? கோலே இல்லன்னா பந்து எதுக்குள்ள போவும்?” என்றார் ஒரு நாள்.

“கோல் இல்லாம பந்தப் பிடிச்சா அது கோழி பிடிக்கதுக்குச் சமம். நடுவர் பேசுத பேச்சா இது?”

“நடுவர் கேக்கல, ஒனக்க மாப்பிள கேக்கேன்.”

“மாப்பிளய வீட்டுல விட்டுட்டு வாரும்.”

சம்மேளனத்துக்கு, அணியின் பழைய போட்டோவோடு, மனுக்கள் போயின. தொலைபேசியில் கூப்பிட்டால், அந்த வருஷத்து ஆட்டத்துக்கு எங்களிடம் பதிவு இல்லை, பதிவு இல்லாத ஆட்டத்தைப் பற்றிய புகாரைப் பதிவுசெய்ய வழி இல்லை என்றார்கள். கூட ஆடியவர்களைத் தேடினாள் ரெஜினாள். கேப்டன் இறந்துபோயிருந்தாள். கோல் போட்டவள் மகன் வீட்டில், தன் பெயரையே மறந்து, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எந்தெந்த ஊரில் யார் யாருடைய மாமியாராக இருக்கிறார்களோ. அப்போதுதான் லாசர், சூசம்மாவின் மகன் செலஸ்டினுக்குப் போன் போட்டார். அவன் சரக்குக் கப்பலில் வேலை, கிழக்கே அந்தத் துறைமுக நகரத்துக்கு அடிக்கடி போகிறவன். அங்கே ஒன்பதாம் எண்காரி உயிரோடு இருக்கிறாளா பார், இருந்தால் இப்படி நடக்கிறது என்று சொல், அவள் உதைத்தது என்ன ஆச்சு என்று அவள் வாயாலேயே கேட்டு வா என்றார்.

ரெஜினாளுக்கு அது தெரிந்தபோது பந்தை விட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

“ஜெயிச்சதுக்குச் சாட்சி தோத்தவகிட்ட போயா கேப்பீரு? சொந்த நாட்டுக்காரனே ஆட்டம் இல்லன்னு சொல்லுகான், எதிராளி வீட்டுல போய், எக்கா, நான் ஒன்ன ஜெயிச்சேன், கொஞ்சம் சொல்லித் தாங்கோன்னு கேக்கணுமோ? வெக்கமா இல்ல ஒமக்கு?”

“வெக்கமாத்தான் இருக்கு” என்றார் லாசர். “பந்தப் பிடிட்டி, போவுது.”

ஊர்க்காரர்களால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு ஆளைக் கடல் இழுத்தால் கயிறு போட்டு இழுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒரு சாயந்திரம் கரைமடிக் கயிற்றை எடுத்துவந்து ரெஜினாளின் இடுப்பில் துணி சுற்றிக் கட்டினார்கள். வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, ஊரே வரிசையாக நின்று கரைக்கு இழுக்கிற கயிறு அது. கடல் பக்கம் கயிற்றைக் கொண்டுபோய், ஆணும் பெண்ணுமாக, பள்ளிக்கூட வாத்தியார் உட்பட, தந்தை தொமினிக் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அலையில் கால் நனைய நின்று, பிடித்து இழுத்தார்கள். பந்து நின்றது. அது வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, சூசம்மா அன்றைக்கு வைத்த சிப்பி பந்துக்கு நேர் கீழேயே இருந்தது. ரெஜினாள் பந்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அடுத்து, ஒரு விரற்கடை, பந்து கடலைப் பார்த்துப் பின்வாங்கியது. சத்தியமாகப் பின்வாங்கியது. கரையே ஓவென்று கத்தியது.

கத்தியதுதான் கெடுத்தது. அந்தச் சந்தோஷத்தில், வரிசையின் முன்னால் நின்ற ஒருவன், இத்தனை பேர் ஒரே கயிற்றில் நிற்கும்போது வாய்க்குத் தானாக வருகிற மடி இழுக்கும் பாட்டை எடுத்துக் கொடுத்தான். ஊர் பதில் பாடியது. பாட்டு வந்ததும் கால்கள் திரும்பின. தலைமுறை தலைமுறையாக அந்தப் பாட்டுக்குக் கரையைப் பார்த்தே நடந்த கால்கள், கயிற்றைத் தோளில் மாற்றிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, கோயிலைப் பார்த்து, ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடின. ரெஜினாள் கத்துவது பாட்டில் கேட்கவில்லை. லாசர் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வலித்த பிறகுதான் நின்றார்கள். நின்று பார்த்தபோது, பந்து தானாக வந்திருந்தால் அந்த மாதம் முழுவதும் எடுத்திருக்கிற தூரத்தை அவர்களே இழுத்துக் கொடுத்திருந்தார்கள். ரெஜினாள் பந்தை விடாமல் மணலில் குப்புறக் கிடந்தாள். கோல் கோடு ஒரு ஆள் படுக்கிற தூரத்தில் இருந்தது.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சூசம்மா ஓடிவந்து வாயிலிருந்து மணலைத் துடைத்தாள்.

“எக்கா, எங்கள ஒண்ணு ஏசிரு. ஏசினா எங்களுக்கு ஆறும்.”

“என்னத்துக்கு ஏச? நீங்க இழுத்தீங்களே” என்றாள் ரெஜினாள். “அவனுவ வந்து எட்டிக்கூடப் பாக்கலியே.”

எட்டிப் பார்க்க ஒருவர் வந்தார். சம்மேளனத்தின் இணைச் செயலாளர் பரஞ்சோதி, வெள்ளைச் சட்டை, மரியாதையான மனிதர், மணலில் இறங்கும்போது ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டவர். பந்தைச் சுற்றி வந்தார். அதற்குள் கையை விட்டு எடுத்தார், கைக்குட்டையால் துடைத்தார், துடைக்க ஈரம் ஒன்றும் இல்லை. ரெஜினாள் பந்தை அணைத்தபடியே மணலில் உட்கார்ந்திருந்ததால் அவரும் குத்தவைத்து உட்கார்ந்துதான் பேச வேண்டியிருந்தது.

“அம்மா, நான் உங்களை நம்பறேன். தனிப்பட்ட முறையில் நம்பறேன். ஆனா பெண்கள் பிரிவே தொண்ணூத்திரெண்டுலதான் ஆரம்பிச்சோம். அதுக்கு முன்னாடி தேசியப் பெண்கள் அணி எப்படி இருக்க முடியும்?”

“நீங்க ஆரம்பிக்காம பந்து உருளாதோ சார்?”

“உருண்டிருக்கும். தேசிய அணியா உருண்டிருக்காது.”

“எனக்க நெஞ்சில நாட்டுக் கொடி இருந்துது.”

“யார் கொடுத்தாங்க?”

“நாங்களே தச்சோம்.”

“அதைத்தான் சொல்றேன்” என்றார் அவர், வருத்தமாகத்தான் சொன்னார்.

“போட்டோ இருக்கு சார்” என்றார் லாசர்.

“பார்த்தேன். பதினோரு பெண்கள் ஜெர்சியோட நின்னாங்கங்கிறதுக்குத்தான் அது ஆதாரம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு வழி இருக்கு. அது நட்புமுறையில் ஆடின காட்சி ஆட்டம்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னா, அடுத்த பதிப்புல பின்னிணைப்பில உங்க பேரைப் போட்டுத் தர நான் பொறுப்பு. இந்தப் பந்தும் அப்புறம் எதுக்கு வரப்போகுது? காட்சி ஆட்டத்துல கோல் விழுந்தா என்ன, விழலைன்னா என்ன?”

கூட்டத்தில் யாரோ, நல்ல யோசனைதானே என்று முனகினார்கள். அப்படி முனகியவரைக் குறை சொல்ல முடியாது, அத்தனை பேரும் களைத்துப் போயிருந்தார்கள். ரெஜினாளுக்கும் அது தோன்றாமல் இல்லை. சொன்னால் முழங்காலுக்கு ஓய்வு. புத்தகத்தில் பெயர். பேரப்பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டலாம்.

“சார், காட்சி ஆட்டத்துக்கு எவளாவது அந்தப் பாய்ச்சல் பாய்வாளா?” என்றாள். “அவ அந்த உதை உதைச்சிருப்பாளா? எனக்குப் பின்னிணைப்புல எடம் தாரீங்க. அவளுக்க உதைய எந்தப் பின்னிணைப்புல வைப்பீங்க?”

பரஞ்சோதி எழுந்தார். குழுவுக்குத் தெரிவிக்கிறேன் என்றார், சூசம்மா வறுத்துக் கொடுத்த நெத்திலியை மறுக்காமல் சாப்பிட்டார், ஷூவைக் கோயில் படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு போனார். குழு கூடியிருக்கலாம், கூடாமலும் இருந்திருக்கலாம், புதுக்காட்டுத்துறைக்கு ஒன்றும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊர் வெளியே வந்தபோது, பந்து கோட்டைத் தொட்டிருந்தது. வெயில் நெற்றியில் அடித்தது. கயிறு கொண்டுவர வேண்டாம் என்று ரெஜினாள் சொல்லிவிட்டாள். லாசர் கோல் கம்பத்தை ஒட்டி, கோட்டுக்கு நேராக, திருவிழாக் கோப்பையில் நிற்கிற மாதிரியே, விசில் வாயோடு நின்றார். பந்து முழுதும் கோட்டை முழுதும் தாண்டினால்தான் கோல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஊர் அது, ஆகவே எல்லோரும் குனிந்து கோட்டையே பார்த்தார்கள். ரெஜினாள் பந்தை இரண்டு கையாலும் மாரோடு சேர்த்துப் பூட்டி, குதிகாலை மணலுக்குள் இறக்கிக் குத்துக்காலிட்டாள். குதிகால் கோட்டைத் தாண்டியது. பாதம் தாண்டியது. விட்டுவிட்டு விலகியிருந்தால் பந்து மட்டும்தான் போயிருக்கும். அவள் விடவில்லை. பிடித்தபடியே, பிடியைக் கொஞ்சமும் தளர்த்தாமல், முகம் கடலைப் பார்த்திருக்க, ஒரு பிரசவத்துக்கு எடுக்கிற நேரம் எடுத்து, பின்னால் பின்னால் போய், பந்தோடு சேர்ந்து தானும் கோலுக்குள் போனாள்.

பழைய மீன்வலையால் கட்டிய கோல் வலை அவள் முதுகில் பட்டது. கை வெறுமையாக இருந்தது. மாரில் மட்டும் ஈரம்.

கைதட்ட முடியாது, அழவும் யாரும் தொடங்கவில்லை. விசில் லாசரின் வாயில் இருந்தது, அவர் ஊதவில்லை.

“இஞ்சேரும்” என்றாள் ரெஜினாள். “கோலா?”

ஊர் முழுவதும் லாசரைப் பார்த்தது. இல்லை என்று சொல், ஒரே ஒரு தடவை சொல்லிவிடு மனுஷா என்று சூசம்மா வாய்க்குள்ளேயே கெஞ்சினாள். லாசர் கோட்டைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“கோல்தாண்ட்டி” என்றார், அப்படியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ரெஜினாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. லாசர் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கூட்டம் கலையவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் நின்றது. கோழி ஒன்று வந்து கோல் கோட்டைக் கிளறிவிட்டுப் போனது.

அப்போதுதான் சூசம்மாவின் இடுப்பில் போன் கத்தியது. செலஸ்டின். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற அவசரத்தில், சங்குச் சத்தத்துக்கு நடுவில், பேசிப் பதிந்து அனுப்பியிருந்தான். இனி எதற்கு என்று சூசம்மா அணைக்கப் போனாள். லாசர் தலையை நிமிர்த்தாமலே, போடு, பையன் மெனக்கெட்டிருக்கான் என்றார். போட்டாள்.

“ரெஜினா மாமி, செலஸ்டின் பேசுதேன். ஆளக் கண்டுபிடிச்சாச்சு. சைக்கிள் கட வச்சிருக்காவ, நல்ல ஒயரம், கிழவி ஆனாலும் நிமிந்துதான் நிக்காவ. பேர் சொல்லி விசாரிச்சா ஒருத்தனுக்கும் தெரியல, பெனால்டின்னு கையக் காட்டினதும் தெருவே சிரிச்சு வழி காட்டுச்சு. நான் மாமா சொன்னதெல்லாம் சொன்னேன், எங்க நாட்டுப் புத்தகத்துல அந்த ஆட்டமே இல்லியாம், எங்க மாமி பந்தப் பிடிக்கலன்னு ஆயிரும் போல இருக்குன்னு. அவிய சுத்திக்கிட்டிருந்த சக்கரத்த நிறுத்தினாவ. ஸ்பானர கீழ வச்சாவ. பொறவு சொன்னாவ, நான் அவிய சொன்னத நம்ம பேச்சுல அப்பிடியே சொல்லுதேன், கேளுங்க: ‘நான் கல்யாணத்துக்கு நின்னப்போ மாப்பிள வீட்டுக்காரன் அந்தப் பெனால்டியச் சொல்லிக் காட்டினான். எனக்க அப்பன் சாவும்போது அதச் சொல்லிட்டுச் செத்தான். இங்க உள்ள புத்தகத்துல எனக்குன்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு, அதுவும் எனக்க பெனால்டி பிடிபட்டதுதான். அந்தப் பிள்ள அதப் பிடிக்கலன்னா, நாப்பது வருசமா நான் என்னத்தயாக்கும் சொமந்துட்டுத் திரியுதேன்?’”